முடிந்த பிறகும் மனதை விடாத ஒரு படம், ஒரு கவிதை, ஓர் ஓவியம்: உங்களுக்கு எது?

கொக்குவில் பிள்ளை:
கம்பஸ் இரண்டாம் வருடம். சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ படம் தெரியும்தானே, எழுபதுகளில் யாழ்ப்பாணத்திலேயே எடுத்தது. ஒப்படைக்காகக் குசினி மேசையில் லப்டொப்பை வைத்துப் பார்த்தேன். மெதுவாகப் போகிறதே என்று இடையிடையே வேகமாக ஓடவிட்டேன். பக்கத்தில் அம்மம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திடீரென்று, “ஓடவிடாதை பிள்ளை, நிப்பாட்டு” என்றார். கதை நகராத இடம் அது. வீட்டுக்குள் பெண்கள் சும்மா இருக்கிறார்கள். திருவலையை விட்டு எழும்பி வந்து, தேங்காய்ப்பூ ஒட்டிய விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். தொடவில்லை. “சீதனக் காசு சேருமட்டும் அக்காவும் இப்பிடித்தான் இருந்தவ” என்றார். அம்மம்மாவுக்கு ஓர் அக்கா இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். கேட்டால், “பிறகு சொல்லுறன்” என்கிறார். இன்னும் சொல்லவில்லை.

வடமராட்சியான்:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம். அந்தப் படத்தைக் குசினியில் பார்த்தது பிழை. விளக்கை அணைத்து, நாலு பேரோடு இருந்து பார்க்க வேண்டிய படம். முதல் தரம் குறிப்பு எழுதக் கூடாது. இரண்டாம் தரம் ஒரு காட்சியைத் தெரிந்தெடுத்து, கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். ஒப்படையை மூன்றாம் தரம் பார்த்த பிறகு தொடங்கினால் போதும். கவிதை என்றால் வாய்விட்டு வாசியுங்கள். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போய்விடும்.

எனக்குக் கவிஞர் நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 புத்தகம் என்ற கணக்கைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன், கணக்காகவே இருந்தது. அதே நூலகத்துக்குள் இருந்துகொண்டு போனில் அந்தக் கவிதையை வாசித்தேன். அதில், கொல்லப்பட்ட புத்தரின் உடலைப் புத்தகங்களால் மூடுகிறார்கள். நிமிர்ந்தால், எதிரில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறாள். வெளியே வந்தபோது படிக்கட்டின் நடுவில் கால் வைக்க முடியவில்லை. கவிதையில் புத்தர் கிடப்பது அந்தப் படிக்கட்டருகே. ஓரமாக இறங்கினேன். இன்றைக்கும் அப்படித்தான் இறங்குகிறேன்.

தெல்லிப்பழை:
அண்ணா, குசினியில் பார்த்தபடியால்தானே அம்மம்மாவும் பார்த்தார்! மண்டபத்துக்கு வந்து, நாலு பேருக்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லியிருப்பாரா? உங்கள் முறை உங்களுக்குச் சரி. தங்கச்சி, நீர் அம்மம்மாவோடு இருந்து திரும்பப் பாரும்.

எனக்கு ஓவியர் சனாதனனின் தோம்புப் புத்தகம், 2011இல் வந்தது. தோம்பு என்றால் பழைய காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த சனம் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிய படங்கள். அப்பாவிடம் காட்டினேன். எங்கள் வீடு, 1990இல் நாங்கள் விட்டு ஓடிய பிறகு, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. ஒன்றும் பேசாமல் கொப்பியும் பென்சிலும் கேட்டார். முதலில் கிணறு. அப்புறம் துலா, மாட்டுக்கொட்டில், விறாந்தை. சாமியறைக் கதவுக்கு வந்ததும் பென்சில் நின்றது. உள்ளுக்குத் திறக்குமா, வெளியிலா? எழும்பி நின்று, வெறுங்கையால் நாதாங்கியைத் தள்ளுவதுபோல இரண்டு தரம் செய்து பார்த்தார். வரவில்லை. கனடாவுக்குப் பெரியப்பாவுக்குப் போன் எடுத்தார், அங்கே நடுச்சாமம். உள்ளுக்கு என்றார் பெரியப்பா. மாமி வெளியே என்கிறார்.

கொப்பி அப்பாவின் தலைமாட்டில் கிடக்கிறது. அந்தக் கதவை மட்டும் இன்னும் கீறவில்லை.