ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுடலாமுங்க, பிள்ளைகள் கையாலேயே

வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஆடிச் சந்திப்புக்குச் சாப்பாட்டை வெளியே சொல்லிவிடலாம், குழந்தைகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் போட்டு ஆளுக்கொரு பை கொடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டை வெளியே சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அத்தனை பேருக்கு யாரும் அடுப்படியில் நின்று வேக வேண்டியதில்லை. அந்தப் பை மட்டும் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆடி ஒன்றாம் தேதி நம்ம பக்கம் தேங்காய் சுடுகிற நோம்பி, அதாவது பண்டிகை. கொடுமுடி, கரூர், பரமத்தி வேலூர், பவானி என்று ஆற்றோரமாகப் போய்ச் சேலம் வரைக்கும் அன்று சாயங்காலம் தெருவுக்குத் தெரு தீ மூட்டியிருப்பார்கள், ஊரே தேங்காய் கருகுகிற மணமாக இருக்கும். அந்த நோம்பியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் வேறு பொம்மை எதற்கு?

கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நம்மூருக்கு மருமகளாக வந்தவர்களுக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இது புதிதாக இருக்கும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கி ஆடிப் பதினெட்டில் முடிந்தது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். சண்டை தொடங்குகிற நாளில் நல்லவர்கள் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தேங்காயைச் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைத்தார்கள் என்பது கதை. தீ எரிகிறபோது இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வீட்டுக்குள் உட்கார வைத்துச் சொன்னால் இவ்வளவு காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இது தலை ஆடி, பொண்ணு வீட்டில் மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைத்துத் தேங்காய் சுடச் சொல்லுவார்கள். நம் குழுவில் இந்த வருசம் கல்யாணமானவர்கள் இருக்கிறீர்கள், ஊரில் மாமனார் வீட்டில் நடக்க வேண்டியதை இங்கே நாங்கள் சேர்ந்து செய்கிறோம், ரெண்டு பேரும் கட்டாயம் வந்துவிடுங்கள்.

சரி, தேங்காய்க்கு வருகிறேன். நன்றாக முற்றிய காய் வேண்டும், ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்க வேண்டும். குடுமியையும் நாரையும் சுத்தமாக உரித்துவிட்டுச் சிமென்ட் தரையிலோ சொரசொரப்பான கல்லிலோ ஓட்டைத் தேய்க்க வேண்டும். இது முழுக்கப் பிள்ளைகளின் வேலை. ஊரில் மத்தியானத்திலிருந்தே திண்ணையில் உட்கார்ந்து கரகரவென்று தேய்ப்போம், யாருடைய காய் அதிக வழவழப்பு என்று பெரிய போட்டியே நடக்கும், சின்னக்கா காயைக் கன்னத்தில் உரசிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். நார் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் முதலில் பற்றிக்கொள்ளும், தேய்க்கச் சொல்வது அதற்காகவும்தான்.

மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். அதைக் குத்திச் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் துளையைப் பெரிதாக்கித் தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஊற்றிவிடாதீர்கள், அது மறுபடி வேண்டும். ஒரு காய்க்கு வறுத்த பாசிப்பருப்பு ரெண்டு மேசைக்கரண்டி, அவல் ரெண்டு, வறுத்த எள் ஒன்று, பொட்டுக்கடலை ஒன்று, நன்றாகப் பொடித்த வெல்லம் நான்கு, ஏலக்காய் ஒரு சிட்டிகை. வீட்டுக்கு வீடு இது மாறும், சிலர் பச்சரிசி போடுவார்கள், சிலர் நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்ப்பார்கள், உங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) எப்படிச் செய்தார்களோ அப்படியே செய்யுங்கள். வெல்லத்துக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை கிடைத்தால் இன்னும் நல்லது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்துதான் நாட்டுச்சர்க்கரை போகிறது, அந்தச் சர்க்கரையின் மணம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே போடுவதற்குக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டித் துளையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, காயை உள்ளங்கையில் தட்டித் தட்டி இறக்க வேண்டும். நடுவில் வெல்லம் அடைத்துக்கொள்ளும், ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் இறங்கிவிடும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், பருப்பும் அவலும் உப்பும், ஆவிக்கும் இடம் வேண்டும். கடைசியில் வடித்து வைத்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வேகும். அப்புறம் குச்சியைச் செருகி, காய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டால் தீக்குத் தயார்.

குச்சிதான் வெளிநாட்டில் பெரிய பாடு. ஊரில் அழிஞ்சிக் குச்சி, சீவி நுனியைக் கூராக்கினால் நேராக, உறுதியாக நிற்கும், தீயில் சட்டென்று எரிந்தும் போகாது. ஆடி பிறக்கிறதுக்கு முன்னாலேயே சந்தையில் கட்டுக் கட்டாக வந்துவிடும். இங்கே அதைக் கொண்டுவர வழியில்லை, ஆஸ்திரேலியாவில் விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். பச்சை மூங்கில் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் காய்ந்த மூங்கிலை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பயன்படுத்துங்கள். முசுக்கொட்டை, ஆப்பிள் மரத்துக் கிளையும் சரிப்படும். ஆனால் அரளிக் குச்சியை மட்டும் தொடாதீர்கள். மெல்பர்னிலும் கலிபோர்னியாவிலும் வேலிக்கு வேலி அரளி நேர்நேராக வளர்ந்து நிற்கிறது, பார்த்தால் வெட்டலாம் போலத் தோன்றும், அதன் இலை, கிளை, பால் எல்லாமே விஷம், சுட்டாலும் விஷம் போகாது. தோட்டக் கடையில் மருந்தேற்றி விற்கிற மரக்குச்சியும் வேண்டாம்.

தீ பற்றி அவரவர் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்பர்னில் எங்களுக்கு ஜூலை நல்ல குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், தீயைச் சுற்றி உட்கார இதைவிட நல்ல காலம் கிடையாது. அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்குக் கோடை, காட்டுத்தீ பயம் உள்ள இடங்களில் திறந்த தீ கூடாது, கேஸ் பார்பிக்யூ போதும். சிங்கப்பூரில் அடுக்குமாடித் தாழ்வாரத்தில் கரி மூட்ட முடியாது, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பார்பிக்யூ அடுப்புகளை முன்பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம், நாள் நெருங்கினால் கிடைக்காது, இப்போதே பாருங்கள். அதுவும் முடியாதவர்கள் சமையலறை கேஸ் தீயிலேயே திருப்பித் திருப்பிக் காட்டிச் சுடலாம், ஈரோட்டில் மாடி வீட்டுக்காரர்கள் பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் புகைமணி கத்தும்.

நெருப்புக்குள் காயைத் தூக்கிப் போட்டுவிடாமல், குச்சியைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பக்கமும் தீ படுகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடு முதலில் வியர்க்கும், பிறகு கறுக்கும், துளை ஓரத்தில் வெல்லப்பாகு நுரைத்து வழிந்து சொய்யென்று தீயில் விழும். அந்த மணம் வந்தபிறகும் கொஞ்ச நேரம் விடுங்கள், அவசரப்பட்டு எடுத்தால் பருப்பு நறுக்கென்று இருக்கும். ஓடு பட்டென்று வெடித்துக் கீறல் விட்டால் பதம். அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், குச்சி பெரியவர்கள் கையில் இருக்கட்டும். ஆறியதும் பிள்ளையாருக்குப் படைத்து உடைத்தால் பருப்பும் எள்ளும் அவலும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும், தேங்காய்ப் பருப்பு ஓட்டிலிருந்து தானாகக் கழன்று வரும், அதன் முதுகில் பழுப்பேறிப் புகை மணத்தோடு ஒரு இனிப்பு இருக்கும் பாருங்க, வேறு எந்தப் பலகாரத்திலும் அது வராது.

ஆடி ஒன்று பெரும்பாலும் ஜூலை 17 வாக்கில் வரும், வேலை நாளாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அன்றைக்கு வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு, அடுத்து வருகிற சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து சுடலாம் என்பது என் கருத்து. நாள் தவறக்கூடாது என்று நினைக்கிற பெரியவர்கள் அன்றே வீட்டில் ஒரு காய் சுட்டுவிடுங்கள், சனிக்கிழமையும் வாருங்கள்.

இதோடு இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தை நோம்பிக்கு, பொங்கலுக்கு, நாள் இருக்கிறது, ஆனாலும் இப்போதே யோசித்தால்தான் நடக்கும். மார்கழி கடைசி நாள் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இங்கே ஒன்றாகக் கிடைக்காது. எங்கள் வீட்டில் மஞ்சள் கிரேப் காகிதத்தில் ஐந்து இதழ் வெட்டி ஆவாரம்பூவும், பஞ்சைத் திரித்துக் கம்பியில் சுற்றிப் பூளைப்பூவும் பிள்ளைகள் செய்கிறார்கள், வேப்பிலை மட்டும் நிஜம், அதை இந்தியக் கடையில் சொல்லி வைத்து வாங்கிவிடுவோம். வாசல் நிலைக்கு மேலே அதைக் கட்டி வைத்தால் நம்மூர்க் காப்புப் போலவே இருக்கிறது. ஊரில் காட்டுக்கும் கிணத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கட்டுவோமே என்று சொன்னதும், சின்னவள் தன் சைக்கிளுக்கும் ஒன்று கட்டிக்கொண்டாள்.

பட்டி நோம்பிக்கு, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு, தெப்பக்குளம் கட்டுவது இன்னும் சுலபம். ஊரில் சாணத்தில் கரை கட்டி, தண்ணீர் விட்டு, கரை மேலே பூ வைத்து, "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று கத்திக்கொண்டே மாட்டையும் கன்றையும் அதைத் தாண்ட விடுவோம். இங்கே சாணமும் மாடும் இல்லை, களிமண் கிடைக்கிறது. ஒரு தாம்பாளத்தில் களிமண் குளம், பக்கத்தில் களிமண் மாடுகள். காங்கேயம் காளைக்குத் திமிலும் வளைந்த கொம்பும் வைக்கப் பிள்ளைகள் எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் தெரியுமா! கன்றுக்குட்டிக்குச் சின்னவள் செம்மண் நிறம் பூசினாள், காங்கேயம் மாடு வெள்ளைதானே என்று பெரியவன் சண்டைக்குப் போனான். அவள் பூசியதுதான் சரி. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பலாக மாறும். இதைத் தெரிந்துகொள்ள அவன் ஊருக்குப் போன் போட்டு அப்புச்சியோடு (அம்மாவின் அப்பாவோடு) அரை மணி நேரம் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான், அதற்கு முன்னால் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு போனை என்னிடம் நீட்டிவிடுகிறவன்.

தீபாவளிக்குக் கச்சாயம் போதும், பச்சரிசியை ஊறவைத்து வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கெட்டியாக அரைத்துக் கரண்டியால் எண்ணெயில் ஊற்றினால் முடிந்தது, பாகுப்பதம் பார்க்கிற தொல்லையே இல்லை.

இடியாப்பம் மாதிரி நாம் பிழிகிற சந்தவையைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. புழுங்கலரிசியை நைசாக அரைத்து, புளிக்க விடாமல் இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஒருவர் இட்லி எடுத்துப் போட, ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, ஒருவர் கீழே தட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க, இன்னொருவர் தேங்காய்ப்பால் பிழிய என்று வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வேலை வந்துவிடும், யாரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. எள்ளையும் நாட்டுச்சர்க்கரையையும் பொடித்துத் தூவினால் பிள்ளைகள் தட்டு மேல் தட்டு கேட்பார்கள். மூன்று கால் வைத்த பழைய அச்சு யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் ஊருக்குப் போகிறவர்கள் கையோடு எடுத்து வாருங்கள், உலோகம்தான், தடை ஒன்றுமில்லை, மரப்பிடி வைத்ததாக இருந்தால் மட்டும் சுங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. அழிஞ்சி மரம் நம்மூர்ப் பக்கம் இன்னும் எங்கெங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். வாய்க்கால் கரையில் முன்னே நின்றதாக நினைவு, இப்போது இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். ஊர்க் கோயில் இடத்தில் நாலு கன்று நட முடியுமா என்றும் சங்கத்தில் பேசலாம், செலவில் என் பங்கை நான் தருகிறேன்.

மெல்பர்ன்காரர்களுக்கு மட்டும்: கரி, மஞ்சள், ஊறவைத்த மூங்கில் குச்சி எல்லாம் நான் கொண்டுவருகிறேன். தேங்காயும் உள்ளே போடுகிற பண்டமும் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். காயை முன்கூட்டியே துளைத்துவிடாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம், அங்கே வந்து பிள்ளைகளே தேய்க்கட்டும், வண்டி நிறுத்துகிற இடத்தில் நல்ல சொரசொரப்பான சிமென்ட் தரை இருக்கிறது.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து உங்கள் அக்கா