பஞ்சபாண்டவர் மலை, டெல்லி கேட், மகேந்திரவாடி: ஒருநாள் வேன் சுற்று போனவர்கள் எழுதுங்கள்

வாலாஜாக்காரன்:
வேலூரில் கிளம்பும் ஒருநாள் சுற்று. வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து. போனவர்களுக்கு வரிசை தெரியும். வேலூர்க் கோட்டை, ஆற்காட்டுக் கோட்டை வாசலான டெல்லி கேட்டெல்லாம் சரி. விளாப்பாக்கம் பக்கத்துப் பஞ்சபாண்டவர் மலையில் நடந்ததுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

கீழே இருக்கும் பெரிய குடைவரைக்குள் எங்களை நிறுத்தி, வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய இடம் இது என்றார் வழிகாட்டி. இரண்டு வரிசையாகக் கனத்த தூண்கள், பின்சுவரில் ஆழமில்லாத அறைகள். எங்களோடு வந்த ஒரு பாப்பா, ஆறாவது படிக்கும் வயசு, விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள். "அங்கிள், ஏழு ரூம் இருக்கே, அஞ்சு பேருக்கு எதுக்கு ஏழு?" அவர் சட்டென்று "குந்தி, திரௌபதி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா மட்டும் திரும்பவும் முதல் அறையிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

அதே மலையில் சுனை இருக்கிற குகையில் சமண யட்சி, அதாவது சமணரின் காவல் பெண்தெய்வம், இருக்கிறாள். பல்லவ அரசர் நந்திப்போத்தரசரின் ஐம்பதாம் ஆண்டில், நாகநந்தி குருவோடு பொன்னியக்கியார் என்ற இந்த யட்சியைச் செதுக்க வைத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. தமிழில் இருக்கிறது! அங்கே கூட்டிப் போயிருந்தால் இது சமணர் இருந்த மலை என்றாவது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். நேரமாச்சு என்று வேனில் ஏற்றிவிட்டார்கள்.

ஆற்காட்டுப் பேத்தி:
அண்ணா, யட்சியைக் காட்டாதது தப்புதான். ஆனால் பாண்டவர் கதையை ஏன் விரட்டணும்? பெரிய பாறை, குகை என்றால் பாண்டவர் பெயர் வைப்பது நம் ஊர் வழக்கம். எங்கள் ஆயா வாயில் அது என்றைக்கும் பாண்டவர் மலைதான். வழிகாட்டி இரண்டையும் சொல்லணும், அவ்வளவுதான்.

எனக்கு டெல்லி கேட்டில் நடந்தது. 1751-இல் ஆங்கிலக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொண்டு முற்றுகையைத் தாங்கிய கதையை எங்கள் வழிகாட்டி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, வெள்ளைக்காரன் உள்ள இருந்தது ஐம்பது நாள். நவாப் இருந்தது எத்தனை வருசம்? அவங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லு." வழிகாட்டி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. வேன் கிளம்பும்போதும் அந்தப் பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்காட்டில் பிறந்தவள் நான், எனக்கும் அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

காட்பாடி மலையேறி:
நான் போனது வள்ளிமலை. டிரைவர்தான் வண்டியை ஓரங்கட்டி, "சார், முருகனப் பார்த்துட்டு அப்படியே போயிடாதீங்க, பாறையில சமணச் சாமிங்க இருக்கு" என்றார். போய்ப் பார்த்தோம். கங்க அரசன் ராசமல்லன் காலத்து வேலை, கல்வெட்டு கன்னடத்தில். வழிகாட்டிக்கு அது தெரியவே தெரியாது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் பாறை ஏறவே ஏறாதீர்கள். வேலூர் வெயில் விளையாட்டில்லை, பத்து மணிக்கே கல் கொதிக்கும். மார்கழி, தை நல்லது. விடியும்போது மலையடியில் இருங்கள், கோட்டையைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வையுங்கள், கையில் பார்த்தால் குரங்கு விடாது. கல்வெட்டுக்கு நேராக டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், பாறையை ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும். சாக்பீஸ் தடவாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். இன்னொரு நாள் இருந்தால் போளூர் பக்கம் திருமலைக்குப் போங்கள். குந்தவை பேரில் ஜினாலயம் என்ற சமணக் கோயில், பாறையில் 16 அடி நேமிநாதர், சமணத் தீர்த்தங்கரர். வேனில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாதீர்கள். ஆனால் ஆற்காட்டிலிருந்து வேலூர் திரும்பும்போது தூங்காதீர்கள். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த சேதி கேட்டு, ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்துதான் வேலூருக்கு விரைந்தான்.

ஏரிக்கரை:
வாலாஜாக்காரன் அண்ணா, எல்லா வழிகாட்டியும் அப்படி இல்லை. எங்களுக்கு வந்தவர் கல்லூரியில் படிக்கிற பையன். மகேந்திரவாடியில் வயல்வெளி நடுவே ஒற்றைப் பாறையில் குடைந்த கோயில் முன் நிறுத்தி, கல்வெட்டில் இருப்பதைச் சொன்னான். குணபரன், அதாவது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், பாறையைப் பிளந்து மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற கோயிலைச் செய்தான், மகேந்திர தடாகத்தின் கரையில். "அந்தத் தடாகம் எங்க தம்பி?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எங்களை நடக்க வைத்து ஏரிக்கரை மேல் ஏற்றினான். "இதுதான் சார். இன்னும் விவசாயம் இதுலதான் நடக்குது." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகேந்திரவர்மன் பெயரைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவன் நான்.

வாலாஜாக்காரன்:
ஆற்காட்டுப் பேத்தி, கதையை விரட்டச் சொல்லவில்லை தங்கச்சி, கேள்வியை விரட்டாதே என்றுதான் சொல்கிறேன். ஏரிக்கரை, எங்களைக் கரைக்குக் கூட்டிப் போகவே இல்லை. எந்த மாதம் போனீர்கள், ஏரியில் தண்ணீர் இருந்ததா? அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை வருவானா?