மோட்பஸ் ரேடியோ மோடம்: சின்ன ரீட் வருது, பெரிய ரீட்ல சிஆர்சி எரர்

சந்தேகம் (தொட்டிக்காவல்):
வணக்கம். பம்ப் அறை பிஎல்சிக்கும் (பம்பை இயக்குற கட்டுப்பாட்டுக் கணினி) தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே 3 கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் 868 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைஞ்ச வேகத்துல நெடுந்தூரம் போற ரேடியோ முறை) ரேடியோ மோடம், ஆர்எஸ்-485 வயர் இணைப்பு, 9600 பாட் வேகம், மோட்பஸ் ஆர்டியு (கருவிகள் ஒன்னுகிட்ட ஒன்னு மதிப்பு கேட்டு வாங்குற முறை). தூரம் எட்டணும்னு ஏர் ரேட்டை (ரேடியோவுல டேட்டா போற வேகம்) 2400-ல வச்சிருக்கேன். 4 ரெஜிஸ்டர் (ஒவ்வொன்னும் 2 பைட் மதிப்பு) கேட்டா நாள் முழுக்க பிசகாம வருது. 60 கேட்டா சிஆர்சி எரர் (செய்தி முழுசா வந்ததான்னு பார்க்கற சரிபார்ப்பு எண் ஒத்துப்போகலை), எப்பவுமே. ஆர்எஸ்எஸ்ஐ (வர்ற சிக்னலோட பலம்) −78 டிபிஎம். டைம்அவுட் 1 விநாடி. ஆண்டெனாவை இன்னும் உயர்த்தணுமா?

பதில் (மாஸ்ட்மேல்):
நடுவுல மரம், கட்டடம் இருக்கா? 3 கிமீக்கு நடுப்பாதையில ஃப்ரெனல் மண்டலத்தோட (ரெண்டு ஆண்டெனாவுக்கும் நடுவுல சிக்னல் போகத் தேவைப்படுற இடம்) ஆரம் 16 மீட்டர் கிட்ட வரும், அதுல 60 சதவீதமாவது மறைப்பில்லாம இருக்கணும். ஆண்டெனா திருகுற எஸ்எம்ஏ கனெக்டரையும் பாருங்க. ரிவர்ஸ் எஸ்எம்ஏ ஆண்டெனா சாதா எஸ்எம்ஏ-ல திருகினா இறுக்கமா உட்காரும், ஆனா நடுவுல பின்னே இருக்காது. மேசை மேல வேலை செய்யும், தூரத்துல படுத்துடும்.

பதில் (அரைவிநாடி):
மேலே சொன்னது எல்லாம் சரிதான், ஆனா இங்க பிரச்சனை அது இல்ல. −78 இந்த ஏர் ரேட்டுக்குத் தாராளம். சிக்னல் மோசம்னா 4 ரெஜிஸ்டரும் அப்பப்போ விழும். உங்களுக்கு நீளத்தைப் பொறுத்துத்தான் விழுது. ஒரு சோதனை செய்ங்க: 20-ல தொடங்கி ஒவ்வொன்னா ஏத்துங்க, எங்க உடையுதுன்னு சொல்லுங்க.

தொட்டிக்காவல்:
29 வரை ஓகே. 30-ல இருந்து எரர்!

அரைவிநாடி:
அப்போ மோடத்தோட பாக்கெட் (ரேடியோவுல ஒரே தடவையில போற துண்டு) அளவு 64 பைட். 29 ரெஜிஸ்டர்னா 58 பைட், கூட முகவரி, ஃபங்ஷன் கோட், பைட் எண்ணிக்கை, சிஆர்சி சேர்ந்து 5. ஆக 63, உள்ள அடங்கும். 30-க்கு 65, ரெண்டு பாக்கெட்டா உடையும். லோரா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால ப்ரீஆம்பிள் (கேட்கற மோடத்தைத் தயார்படுத்துற முன் சிக்னல்) அனுப்பும். ஏர் ரேட் குறைஞ்சா அதுவே பல பத்து மில்லிவிநாடி இழுக்கும். முதல் துண்டு வெளியே வந்து முடிஞ்ச பிறகுதான் ரெண்டாவது வரும். ஆர்டியு-ல 3.5 எழுத்து நேரம், 9600-ல சுமார் 4 மில்லிவிநாடி, மௌனமா இருந்தா ஃப்ரேம் (ஒரு முழு செய்தி) முடிஞ்சதுன்னு பிஎல்சி எடுத்துக்கும். பாதி ஃப்ரேமுக்கு எங்கிருந்து சிஆர்சி ஒத்துப்போகும்?

செய்ய வேண்டியது: பாக்கெட் அளவை மோடம் அனுமதிச்சா 240 ஆக்குங்க, ஏர் ரேட்டை 19200-க்கு ஏத்துங்க. வேகம் 8 மடங்கு கூடினா உணர்திறன்ல 9 டிபி கிட்ட குறையும்; உங்ககிட்ட அதைவிட நிறைய மிச்சம் இருக்கு. ரெண்டு மோடத்துலயும் ஒரே செட்டிங், முக்கியம். தூரத்து மோடத்தை முதல்ல மாத்துங்க, இல்லன்னா ரிமோட்டா அதைப் பிடிக்கவே முடியாது. டைம்அவுட் 1 விநாடியே இருக்கட்டும். பாக்கெட் அளவு மாத்த முடியாத மாடல்னா 25, 25, 10-ன்னு பிரிச்சுக் கேளுங்க, கொஞ்சம் அசிங்கமா இருக்கும், ஆனா ஓடும்.

தொட்டிக்காவல்:
60-ம் வந்துடுச்சு, ரொம்ப நன்றி. இன்னொன்னு: பம்ப் ஸ்டார்ட் ஆகுற நேரம் மட்டும் ஒன்னு ரெண்டு ரீட் தவறுது.

மாஸ்ட்மேல்:
மோடம் ரீஸ்டார்ட் ஆகுதா? அந்த நேரத்துல எல்இடியைக் கவனிங்க. காண்டாக்டர் (பம்பை ஆன் பண்ற பெரிய ஸ்விட்ச்) காயிலும் மோடமும் ஒரே 24 வோல்ட் சப்ளையா?

தொட்டிக்காவல்:
ஆமா, ஒரே சப்ளைதான். எல்இடி ஒரு நொடி அணைஞ்சு வருது.

மாஸ்ட்மேல்:
அப்போ மோடத்துக்குத் தனி சப்ளை. டிசி காயில்னா குறுக்கே ஒரு டையோடும் போடுங்க, கேத்தோடு பாசிட்டிவ் பக்கம். பிஎல்சி-ல ரீட்ரை (தவறினா மறுபடி கேட்கறது) 2 வச்சுட்டுப் பாருங்க.