கிளாமரஸ் நைட் (1937): பால் (PAL) டிவிடியில் பாட்டின் சுருதி பாதியில் மாறுகிறது

பழைய பிரிட்டிஷ் படங்களின் ஒலியைச் சீர்செய்பவர்கள் உதவுங்கள். படம் பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கியது. ஐவர் நோவெல்லோவின் 1935 மேடை இசைநாடகத்திலிருந்து வந்த, அரசனும் ஜிப்சி பாடகியும் வரும் காதல் கதை. நாயகி மேரி எல்லிஸ்.

என்னிடம் இருப்பது பால் (PAL, பிரிட்டன் போன்ற நாடுகளின் டிவி முறை) டிவிடி: 576 வரி, நொடிக்கு 25 பிரேம், 48,000 ஹெர்ட்ஸ் மோனோ. 24 பிரேம் படத்தை 25-இல் ஓட்டியதால் 4% வேகம் கூடி, சுருதியும் சுமார் 0.7 அரைச்சுரம் ஏறியிருக்க வேண்டும். முதல் பாதியில் அப்படித்தான். ஒலியை 46,080 ஹெர்ட்ஸில் வாசிக்கவிட்டு மறுபடி 48,000-க்கு மாற்றினால் எல்லாம் சரியாகிறது. பின்பாதியில் அதையே செய்தால் பாட்டும் பேச்சும் கனத்துக் கீழே இறங்கிவிடுகின்றன. உதட்டசைவு மட்டும் இரு பாதியிலும் பிசகவில்லை.

ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்), திருத்தாத கோப்பின் முன்பாதியில் மின் இணைப்பிலிருந்து வரும் இரைச்சல் 52 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதாவது படச்சுருளிலேயே பதிந்த 50, வேகத்தால் ஏறியது. பின்பாதியில் சரியாக 50. மாற்றம் நிகழ்வது ரீல் முடியும் இடத்தில், வலது மேல் மூலையில் ரீலை மாற்றச் சொல்லும் இரண்டாவது வட்டப்புள்ளி வந்துபோன கையோடு. இசைத்தட்டோடும் ஒப்பிட்டேன், ஆனால் படத்துக்காக ஸ்தாயியை மாற்றிப் பாடியிருக்கலாம் என்பதால் அதை முழுதாக நம்ப முடியாது. சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைத்தால் பின்பாதி இயல்பாகக் கேட்கிறது, ஆனால் வயலின் நீளும் இடங்களில் நடுங்குகிறது.

பின்பாதியின் 50 ஹெர்ட்ஸ், சுருதி ஏற்கெனவே திருத்தப்பட்டதன் அடையாளமா, படச்சுருளை வீடியோவாக மாற்றும் டெலிசினி இயந்திரத்தின் இரைச்சலா என்று எதை வைத்துப் பிரித்தறிவது?