எங்கள் பழைய பென்ஸ் லாரி: வேகம் கூட்டிய பிறகு தொப்பூர் இறக்கத்தில் நடந்தது

சங்ககிரியிலிருந்து எழுதுகிறேன்.

தாத்தா வாங்கிய 1967 மாடல் டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் லாரி எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. மூக்கு வைத்த வண்டி. லோடு அடிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று, எப்போதாவது வீட்டு வேலைக்கு மட்டும் வெளியே எடுப்போம். ஒரே குறை, 55-ஐத் தாண்டினால் இன்ஜின் அலறும். நான்குவழிச் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தபடி முதுகில் ஒட்டி வரும்போது, மெதுவாகப் போவதும் ஆபத்துதான்.

இன்ஜினைத் தொட மனமில்லை. தாத்தா தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று பாட்டிக்குச் சொன்ன சத்தம் அது. தவிர, இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியிலும் ஏற்ற வேண்டும். அதனால் கிரவுன் பினியனை, அதாவது பின் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடியை, மாற்றுவது என்று முடிவெடுத்தோம். எங்கள் வண்டியில் இருந்தது 41/6, பெரிய சக்கரத்தில் 41 பல், சின்னதில் 6. வண்டிச் சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்ட் 6.83 முறை சுற்ற வேண்டும். அதைக் கழற்றி 41/7 போட்டோம், இப்போது 5.86. இந்த 9.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் போகும். டாப் கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது, முன்பு 56 கிலோமீட்டர் வேகம், இப்போது 65. மேஸ்திரி பல்லில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லுக்கு நடுவில் விழும்வரை ஷிம் என்கிற மெல்லிய தகட்டை மாற்றி மாற்றி வைத்தார். அதற்கே அரை நாள் போனது. வண்டி சமதளத்தில் அவ்வளவு அழகாக ஓடியது.

அப்புறம் தருமபுரியிலிருந்து 3 டன் பழைய தேக்கு மரம் ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் திரும்பினேன். தொப்பூர் கணவாய் இறக்கம். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்பது தாத்தா சொல்லிக் கொடுத்தது, எப்போதும்போல் செகண்டு கியர் போட்டேன். வண்டி நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே வந்தது. கணக்கு அப்போதுதான் உறைத்தது. அதே கியர், இன்ஜினில் அதே சுற்று, ஆனால் வண்டியின் வேகம் முன்பைவிட ஆறில் ஒரு பங்கு அதிகம். சமதளத்தில் வேகம் கொடுத்த பினியன், இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலத்தில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மீதியைப் பிரேக் சுமந்தது. பாதி இறக்கத்தில் பிரேக் லைனிங் கருகும் வாடை, பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போனது. மூன்று நான்கு முறை விட்டு விட்டு மிதித்ததில் கொஞ்சம் மேலே வந்தது. இடது ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கை நடுக்கம் நிற்க வெகு நேரமாயிற்று. கிளீனர் பையன் டிரம்மில் ஊற்றத் தண்ணீர்க் கேனைத் தூக்கினான், தடுத்துவிட்டேன். சூட்டில் தண்ணீர் பட்டால் டிரம் விரிசல் விடும்.

திரும்பி வந்ததும் செய்தவை: நான்கு பக்கமும் டிரம் கடைசல், புது லைனிங், புது ஹோஸ். பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை லைன், ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதை எடுத்துவிட்டு, ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் டூயல் லைன். சைலன்சர் பைப்பில், புகையை அடைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக். இதெல்லாம் பினியனுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. வேகம் கூட்ட நினைக்கும் யாரும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கோவையிலிருந்து:

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது. என் பழைய லேலண்ட் காமெட்டில் பிரச்சினை முன்பக்கம். 60-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் உதறும், பிரேக் போட்டால்தான் அடங்கும். ஒரு பட்டறையில் வீல் பேலன்சிங் என்று சொல்லி இரண்டு முறை பணம் வாங்கினார்கள். கடைசியில் ஒரு வயதான மேஸ்திரி முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டயரின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று சத்தம், முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் புஷ் முழுக்கத் தேய்ந்திருந்தது. பின், புஷ், டை ராடு எண்டு எல்லாம் மாற்றியதும் உதறல் போய்விட்டது. பவர் ஸ்டியரிங் போடலாமா என்று கேட்டேன். "முதலில் ஆட்டத்தை எடு தம்பி, பவர் போட்டால் ஆட்டம் கைக்குத் தெரியாது" என்றார். டயரும் முக்கியம். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் போடவே கூடாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சங்ககிரி:

சரியாகச் சொன்னீர்கள் தம்பி, இந்த வாரமே ஜாக்கி வைத்துப் பார்க்கிறேன். ஒன்றை எழுத விட்டுவிட்டேன். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, பினியன் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 70-ல் போகிறது. போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்து, மீட்டர் கண்ணாடியில் 56-க்கு நேரே மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதுதான் 65. முள் அந்தக் கோட்டைத் தாண்ட விடுவதில்லை.