உதவி: உபுண்டு லினக்ஸ் 24.04 போட்டதுல இருந்து டிஸ்ப்ளே போச்சு, நாளைக்கு வேலை குடுக்கணும்

ராமு_டிடிபி (காலை 9:12)
வணக்கம். நேத்து ராத்திரி கடை பூட்டுறதுக்கு முன்னாடி உபுண்டு 24.04க்கு அப்கிரேட் குடுத்துட்டு போனேன், காலைல வந்து ஆன் பண்ணா எழுத்து ஐகான் எல்லாம் இம்மாம் பெருசா நிக்குது, ரெசல்யூஷன் 1024க்கு 768 மட்டும்தான் காட்டுது வேற எதையும் செலக்ட் பண்ண முடியல, ரெண்டாவது மானிட்டர்ல சிக்னல் இல்லனு வருது. இங்க்ஸ்கேப்ல ஒரு டிசைன ஜூம் பண்ணா மெஷினே திணறுது. என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, 2 ஜிபி. நேத்து வரைக்கும் நல்லா ஓடுன மெஷின். நாளைக்கு சாயங்காலம் ரெண்டு கல்யாண பத்திரிகை பிரிண்ட்டுக்கு போகணும், யாராவது சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

மதுரை_மாறன் (9:20)
கார்டு மாடல் என்ன ப்ரோ, 2 ஜிபின்னு மட்டும் சொன்னா என்னத்த வச்சு சொல்றது. முன்னாடி எந்த உபுண்டு இருந்துச்சு? கார்ட ஓட்டுற டிரைவர் எந்த நம்பர் போட்டிருந்தீங்க?

கொங்கு_தறி (9:24)
இது செக்யூர் பூட் பிரச்சனைதாங்க, நூத்துக்கு நூறு. எனக்கு லேப்டாப்ல அப்படியே இதே மாதிரி ஆச்சு. அப்கிரேட் ஆனா கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) மாறும், டிரைவர் மாட்யூல புதுசா கட்டி கையெழுத்து போடணும், நம்ம சாவி பயாஸ்ல பதிவாகலன்னா கர்னல் அத உள்ளயே விடாது. ரீஸ்டார்ட் பண்றப்ப ஒரு நீல ஸ்கிரீன் வந்துச்சுங்களா? அத கவனிக்காம விட்டிருப்பீங்க. பயாஸ்ல போய் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணி பாருங்க.

நெய்தல் (9:31)
வேலண்ட்டா இருக்கும், ஸ்கிரீன்ல படம் காட்டுற புது முறை அது. லாகின் ஸ்கிரீன்ல பேர க்ளிக் பண்ணினதும் கீழ வலது மூலைல ஒரு பல்சக்கரம் வரும், அதுல பழைய முறை எக்ஸ்ஆர்க் செலக்ட் பண்ணி உள்ள போங்க. என்விடியா பழைய கார்டுனா வேலண்ட் ஒத்துக்காது

ராமு_டிடிபி (9:48)
பல்சக்கரத்துல எக்ஸ்ஆர்க் போட்டேன் அதே மாதிரிதான் இருக்கு. கார்டு ஜிடி 730. முன்னாடி 22.04. டிரைவர் நம்பர் தெரியல, கடைக்கு வந்த ஒரு தம்பி அப்பவே போட்டுக்குடுத்துட்டு போனாரு. செக்யூர் பூட் பயாஸ்ல தேடுனேன், அந்த பேர்லயே ஒண்ணும் இல்ல

கர்னல்_காவலன் (9:55)
இந்த மாதிரி இழை வாரத்துக்கு ரெண்டு வருது. கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி கர்னல் வெர்ஷன், டிரைவர் வெர்ஷன், கார்டு மாடல் மூணையும் போடணும்னு எத்தனை தடவை எழுதுறது. டிரைவர் நம்பர் தெரியாம அப்கிரேட் பட்டன அழுத்துறவங்களுக்கு நாங்க என்ன பண்ண முடியும். சரி, ஜிடி 730 கெப்லர் தலைமுறை சிப். 600, 700 சீரிஸ் கெப்லருக்கு கடைசி டிரைவர் 470. 24.04 ரெப்பாசிட்டரிலயே 470 இருக்கு. ஆப்ட்ல (உபுண்டுவோட இன்ஸ்டால் கமாண்ட்) என்விடியா-டிரைவர்-470 இன்ஸ்டால் பண்ணுங்க, ரீபூட் பண்ணுங்க. வேலை முடிஞ்சது.

ராமு_டிடிபி (10:34)
சார் 470 போட்டேன், எரர் இல்லாம இன்ஸ்டால் ஆச்சு, ரீபூட் பண்ணேன், ஒரு மாத்தமும் இல்ல. கார்டு நிலைமைய காட்டுற என்விடியா-எஸ்எம்ஐ கமாண்ட் அடிச்சா டிரைவரோட பேச முடியலன்னு வருது

கொங்கு_தறி (10:37)
பாத்தீங்களா, மாட்யூல் லோடு ஆகல, செக்யூர் பூட்தாங்க. டெர்மினல்ல மோக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட் அடிச்சு என்ன வருதுன்னு போடுங்க.

ராமு_டிடிபி (10:41)
இஎஃப்ஐ வேரியபிள்ஸ் இந்த சிஸ்டத்துல சப்போர்ட் இல்லன்னு வருது அண்ணா

கொங்கு_தறி (10:44)
அப்படின்னா மெஷின் பழைய பயாஸ் மோட்லதான் பூட் ஆகுது, அதுல செக்யூர் பூட்டே கிடையாதுங்க. நான் சொன்னது தப்பு, விட்டுருங்க.

வெப்பாலை (10:50)
அப்கிரேட் பண்றதே தப்பு. எல்டிஎஸ்ல (நீண்ட கால சப்போர்ட் வெர்ஷன்) இருந்து எல்டிஎஸ்க்கு நேரடியா தாவுனா பழைய குப்பை எல்லாம் கூடவே வரும். பென்டிரைவ்ல புதுசா இன்ஸ்டால் பண்ணிருங்க, அரை மணி நேர வேலை. இப்ப நோண்டுற நேரத்துக்கு அது எப்பவோ முடிஞ்சிருக்கும்

ராமு_டிடிபி (10:53)
புதுசா போட்டா ஃபாண்ட் எல்லாம் போயிடுமே. பாமினி, வானவில்னு பழைய ஃபைலுக்கு எல்லாம் தனித்தனியா சேத்து வச்சிருக்கேன், எது எங்க இருக்குனே எனக்கு தெரியாது, பத்து வருச ஆர்டர் இதுல இருக்கு

மதுரை_மாறன் (10:58)
வெப்பாலை, நாளைக்கு டெலிவரி வச்சிருக்கிற ஆள்கிட்ட ஃபார்மட் பண்ணுன்னு சொல்லாதீங்க. அப்கிரேட் பாதைய உபுண்டுவே குடுக்குது, லட்சக்கணக்கான பேரு பண்றாங்க, அது எப்படி தப்பாகும்?

வெப்பாலை (11:03)
நான் 16.04ல இருந்து ஒவ்வொரு தடவையும் புதுசாதான் போடுறேன், ஒரு தடவை கூட டிஸ்ப்ளே போனதில்ல. ஹோம் தனி பார்ட்டிஷன்ல இருந்தா ஃபாண்ட் எதுவும் போகாது. அப்படியே பாத்தாலும் 22.04க்கு 2027 வரைக்கும் சப்போர்ட் இருக்கே, கடை மெஷின இப்ப ஏன் மாத்தணும்? அதுக்கு யாராவது பதில் சொல்லுங்க

மதுரை_மாறன் (11:05)
அது நியாயமான கேள்வி, ஆனா மாத்தியாச்சே, இப்ப என்ன பண்றது.

யாழ்_நிலா (11:12)
இதுக்குத்தான் நான் எப்பவும் சொல்லுறனான், லினக்ஸ் எண்டால் ஏஎம்டி வாங்குங்கோ. என்னட்ட 2010ல வந்த எச்டி 5450 கார்ட் ஒண்டு இருக்கு, இண்டைக்கும் 24.04ல எதையும் இன்ஸ்டால் செய்யாமலே ஓடுது. ரேடியான் டிரைவர் கர்னலுக்குள்ளயே இருக்கு, திறந்த கிராஃபிக்ஸ் மென்பொருளான மெசா அதை இன்னும் கைவிடேல்ல. சோர்ஸ் மூடின டிரைவர் எண்டால் கொம்பனி நிப்பாட்டுற அண்டைக்கே உங்கட கார்டின்ர ஆயுசும் முடிஞ்சுது. 2012ல ஃபின்லாந்தில ஆல்டோ பல்கலைக்கழகத்தில லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைத் திட்டி கமராவைப் பாத்து விரலைக் காட்டினது சும்மா இல்லை.

கர்னல்_காவலன் (11:20)
அந்த 2012 கதைய இன்னும் எத்தனை வருசம் சொல்லுவீங்க. 2022 மே மாசமே என்விடியா தன் கர்னல் மாட்யூல் சோர்ஸ கிட்ஹப்ல திறந்து வச்சாச்சு.

யாழ்_நிலா (11:26)
திறந்தவை, ஆனா ட்யூரிங் தலைமுறை தொடக்கம் வந்த கார்டுகளுக்கு மட்டும்தானே. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 தொடக்கம். இந்தத் தம்பி வச்சிருக்கிற ஜிடி 730க்கு அதால என்ன பிரயோசனம்? அதோட திறந்தது கர்னல் பகுதி மட்டும், மேல ஓடுற, படம் வரையிற ஓப்பன்ஜிஎல் பகுதி இன்னும் மூடித்தான் கிடக்குது.

கர்னல்_காவலன் (11:29)
ட்யூரிங்ல இருந்துதான் ஜிஎஸ்பின்னு ஒரு தனி ப்ராசஸர் கார்டுக்குள்ள வந்துச்சு, பாதி வேலைய அதோட ஃபர்ம்வேர் பாத்துக்குது, அதனாலதான் அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு தரல. டெக்னிக்கல் காரணம் தெரிஞ்சுட்டு பேசுங்க.

யாழ்_நிலா (11:33)
காரணம் எனக்கும் தெரியும். காரணம் தெரிஞ்சதால கார்ட் ஓடிவிடாது எண்டுதான் சொல்லுறன்.

நெய்தல் (11:36)
ரெண்டு பேரும் தனி இழை போட்டு பேசுங்களேன், பாவம் அந்த ஆளு காத்துட்டு இருக்காரு

பழைய_பெட்டி (11:52)
இப்பதான் பாத்தேன். தம்பி ராமு, ஜிடி 730ன்னு டப்பால போட்டிருக்கத வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. அந்த ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சிப்பு மார்க்கெட்ல வந்துச்சு. ஒண்ணு ஜிகே208, அது கெப்லர், 384 கோர், 64 பிட். இன்னொண்ணு ஜிஎஃப்108, அது கெப்லருக்கு முந்தின தலைமுறை ஃபெர்மி, 96 கோர்தான், 128 பிட் டிடிஆர்3. ரெண்டுத்துலயும் 2 ஜிபி கார்டு உண்டு, வெளிய இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது. கெப்லருக்கு 470 சரி. ஃபெர்மின்னா 390தான் கடைசி, அதுக்கு மேல எந்த டிரைவர் போட்டாலும் அது கார்ட பாத்துட்டு ஒதுங்கிடும். சர்வீஸ்ல இந்த ஒரு கார்டுக்காகவே நான் நிறைய நேரம் தொலைச்சிருக்கேன், அதனாலதான் அழுத்தி சொல்றேன்.

டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ -என்என்கே அடிங்க, உள்ள இருக்குற சிப்ப காட்டும். விஜிஏன்னு ஆரம்பிக்கிற வரியும் அதுக்கு கீழ உள்ள ரெண்டு மூணு வரியும் அப்படியே போடுங்க. அப்புறம் சூடோ (அட்மின் அனுமதி) போட்டு டிமெசேஜ் (கர்னல் பதிவு) அடிச்சு, என்விடியா டிரைவர் எழுதுற என்விஆர்எம்ன்னு ஆரம்பிக்கிற வரி இருந்தா அதையும் போடுங்க.

ராமு_டிடிபி (12:15)
விஜிஏ கம்பேட்டிபிள் கன்ட்ரோலர்: என்விடியா கார்ப்பரேஷன் ஜிஎஃப்108 [ஜிஃபோர்ஸ் ஜிடி 730] [10டிஇ:0எஃப்02]
கீழ கர்னல் மாட்யூல்ஸ்னு போட்டு என்விடியாஎஃப்பி, நூவோ, அப்புறம் என்விடியான்னு வருது. டிரைவர் இன் யூஸ்னு வரியே இல்ல.
என்விஆர்எம் வரில இந்த ஜிடி 730க்கு 390 லெகசி டிரைவர்தான், 470 டிரைவர் இந்த கார்ட கண்டுக்காதுன்னு இங்கிலீஷ்ல நீளமா வருது

பழைய_பெட்டி (12:24)
அவ்வளவுதான், சிக்கிருச்சு. உங்களது ஃபெர்மி. 2010ல வந்த குடும்பம், 390க்கு சப்போர்ட் 2022 கடைசியோட முடிஞ்சுது. 22.04ல 390 கிடைச்சுது, 24.04ல வர்ற 6.8 கர்னல்ல அந்த பழைய சோர்ஸ் அப்படியே போட்டா கம்பைலே ஆகாது. ஆனா இன்னொரு சந்தேகம் இருக்கு. என்விடியா டிரைவர் இல்லன்னா கர்னல்லயே உள்ள திறந்த டிரைவர் நூவோ தானா மேல வந்து ரெண்டு மானிட்டரையும் எழுப்பியிருக்கணும், அது ஏன் வரல? அந்த தம்பி டிரைவர எப்படி போட்டாருன்னு ஞாபகம் இருக்கா, உபுண்டு மெனு வழியாவா, இல்ல வெப்சைட்ல இருந்து ஒரு ஃபைல இறக்கியா?

ராமு_டிடிபி (12:30)
ஆமா அண்ணா டவுன்லோட்ஸ்ல ஒரு டாட் ரன் ஃபைல் இன்னும் கெடக்கு, 390னு பேர்லயே இருக்கு. இது முக்கியம்னு எனக்கு தெரியல

பழைய_பெட்டி (12:47)
அதுதான் முக்கியம். அந்த ரன் ஃபைல் இன்ஸ்டால் ஆகுறப்ப நூவோவ லோடு பண்ணாதேன்னு ஒரு ஃபைல எழுதி வச்சிடும். அப்கிரேட் ஆனாலும் அது அங்கயே கெடக்கும், ஆப்ட்டுக்கு அது யாரு வச்ச ஃபைல்னே தெரியாது. இப்ப உங்க மெஷின்ல என்விடியா டிரைவர் வேலை செய்யாது, நூவோவுக்கும் கதவு சாத்தியாச்சு. ரெண்டும் இல்லாம கர்னல் பயாஸ் குடுத்த 1024க்கு 768லயே உக்காந்திருக்கு, படம் வரையிற வேலை முழுக்க சிபியு தலையில. இங்க்ஸ்கேப் திணறுறது அதனாலதான்.

முதல்ல உங்க டிசைன் ஃபைல், ஃபாண்ட் ஃபோல்டர் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்துக்கோங்க. அப்புறம் டெர்மினல்ல சூடோ போட்டு என்விடியா-அன்இன்ஸ்டால் அடிங்க, ரன் ஃபைல் வச்சது போயிடும். பழைய எக்ஸ்ஆர்க் கான்ஃபிக்க திருப்பி வைக்கவான்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க. அடுத்து இன்னைக்கு போட்ட 470ஐ ஆப்ட் பர்ஜ் குடுத்து எடுத்துருங்க, கூட வந்ததுக்கு ஆட்டோரிமூவ். அழிக்கப்போற லிஸ்ட்ல உபுண்டு-டெஸ்க்டாப்னு பேர் வந்தா ஆமான்னு சொல்லாம நிறுத்திட்டு இங்க வாங்க. அப்புறம் ஈடிசி உள்ள மோட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல பாருங்க, என்விடியா-இன்ஸ்டாலர்-டிசேபிள்-நூவோன்னு ஒண்ணு இருக்கும், திறந்தா ப்ளாக்லிஸ்ட் நூவோன்னு வரி இருக்கும், அத தூக்கி வேற எடத்துல வைங்க. யூஎஸ்ஆர் உள்ள லிப், அதுக்குள்ள மோட்ப்ரோப்.டி, அங்கயும் ஒண்ணு இருக்கலாம். ஈடிசி, எக்ஸ்11 உள்ள எக்ஸ்ஆர்க்.கான்ஃப் இருந்தா அதையும் பேர் மாத்தி வைங்க, அதுல டிரைவர் என்விடியான்னு எழுதியிருக்கும். கடைசில சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ, இத விட்டுட்டா இதுவரைக்கும் பண்ணது எடுபடாம போகலாம், பழைய ப்ளாக்லிஸ்ட், பூட் ஆகுறப்ப முதல்ல படிக்கிற இனிட்ராம்எஃப்எஸ்குள்ள இன்னொரு காப்பியா இருக்கும். அப்புறம் ரீபூட்.

கர்னல்_காவலன் (12:58)
128 பிட் வெர்ஷன்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா நான் 470 சொல்லியிருக்க மாட்டேன். எல்எஸ்பிசிஐ நான் கேட்டிருக்கணும், கேக்கல. 390ஐயே 6.8க்கு பேட்ச் பண்ணி சிலர் வச்சிருக்காங்க, பிபிஏ (வெளி ஆளுங்க நடத்துற ரெப்பாசிட்டரி) மூலமா போடலாம்.

பழைய_பெட்டி (13:06)
போடலாம், ஆனா கடை மெஷினுக்கு நான் சொல்ல மாட்டேன். அடுத்த கர்னல் அப்டேட் வர்றப்ப திரும்பவும் இதே காலை, இதே கஸ்டமர் வாசல்ல நிப்பாரு. செக்யூரிட்டி ஓட்டை வந்தாலும் அடைக்க ஆள் இல்ல. நூவோல ஃபெர்மி கார்டு குறைஞ்ச க்ளாக்லயேதான் ஓடும், கேம் எல்லாம் ஆடுறதுக்கு ஆகாது, ஆனா பத்திரிகை டிசைனுக்கு, ஸ்க்ரைபஸுக்கு, இங்க்ஸ்கேப்புக்கு அது போதும்.

தம்பி ப்ராசஸர் என்ன? இன்டெல்னா போர்ட்லயே டிஸ்ப்ளே இருக்குமே.

நெய்தல் (13:10)
எக்ஸ்ஆர்க் கான்ஃப் பத்தி சொன்னது எனக்கும் புதுசு, குறிச்சு வச்சுக்கிட்டேன்

ராமு_டிடிபி (15:38)
வந்துருச்சு அண்ணா!! ரெண்டு மானிட்டரும் 1920க்கு 1080 வந்துருச்சு. அந்த ஃபைல் ரெண்டு எடத்துலயும் இருந்துச்சு. டிரைவர் இன் யூஸ் நூவோன்னு காட்டுது. ஐ3 நாலாம் ஜெனரேஷன். வேலைக்கு உக்காந்துட்டேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி

பழைய_பெட்டி (15:50)
சந்தோஷம். ஐ3 நாலாவதுன்னா போர்ட்ல உள்ள இன்டெல் கிராஃபிக்ஸே போதும் தம்பி, டிரைவர் கர்னல்லயே இருக்கு. பின்னாடி விஜிஏவும் எச்டிஎம்ஐயும் இருந்தா இந்த ஆர்டர் முடிஞ்சதும் கார்ட கழட்டிட்டு ரெண்டு மானிட்டரையும் போர்ட்லயே சொருகி பாருங்க. நூவோல வீடியோ ஓடுறப்ப எப்பவாவது ஸ்கிரீன் உறைஞ்சு நின்னா உடனே அப்படி மாறிடுங்க. கார்ட மட்டும் உள்ளயே வச்சிட்டு போர்ட்ல சொருகினா சில மெஷின்ல டிஸ்ப்ளே வராது, பயாஸ்ல மாத்தணும்.

யாழ்_நிலா (15:57)
நல்ல விசயம். நானும் இண்டைக்கு ஒண்டு படிச்சன், ஒரே பேரில ரெண்டு சிப் எண்டு எனக்குத் தெரியாது.

பழைய_பெட்டி (மறுநாள் இரவு 8:05)
ராமு, பத்திரிகை போயிருச்சா? போர்ட்ல சொருகி பாத்தீங்களா?

சிற்றோடை (நாலு நாள் கழிச்சு)
இதே ஜிடி 730, இதே 22.04ல இருந்து 24.04, எனக்கும் டிஸ்ப்ளே போச்சு. இழைய முழுசா படிச்சிட்டு எல்எஸ்பிசிஐ பாத்தேன், எனக்கு ஜிகே208பி, 10டிஇ:1287ன்னு வருது. அப்ப நான் நூவோவுக்கு போக வேண்டாம்தானே?

கர்னல்_காவலன்
வேண்டாம், உங்களது கெப்லர், 470 போடுங்க. போடுறதுக்கு முன்னாடி ரன் ஃபைல் மிச்சம் எதாவது இருக்கான்னு பாத்துட்டு போடுங்க.

சிற்றோடை
போட்டேன், ஓடுது.