எம்ஆர்சிபி (பித்தநாளத்தைக் காந்தத்தால படம் பிடிக்கற எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கோம். அப்பாவுக்கு 68 வயசு. பத்து நாளா கண்ணு மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம், ராத்திரி முழுக்க அரிப்பு. காய்ச்சல் இல்லை. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தே ஒரு வாரத்தை ஓட்டிட்டோம், எங்க தப்புதான்.

அல்ட்ராசவுண்ட்ல பித்தப்பையில கல். பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோற பித்தநாளம் 12 மி.மீ. விரிஞ்சிருக்கு, சாதாரணமா 6 மி.மீ. வரைதானாம். ஆனா கணையத் தலைகிட்ட நாளத்தோட கீழ்முனையைக் குடல் வாயு மறைச்சிடுச்சு. அங்க இருக்கறது கல்லா, கட்டியான்னு தெரிய எம்ஆர்சிபி எடுக்கச் சொல்றார் டாக்டர். கல்லுன்னா ஈஆர்சிபி பண்ணி, அதாவது வாய் வழியா எண்டோஸ்கோப் குழாய் விட்டு, எடுத்துடலாமாம்.

புதுச்சேரி ஜிப்மர்ல எம்ஆர்சிபிக்கு எத்தனை நாள் காத்திருக்கணும்? வெளியில எடுத்த படத்தை ஏத்துக்கறாங்களா? அப்பா கால்ல பழைய உலோக பிளேட் வேற இருக்கு, காந்த ஸ்கேன்னு யோசனையா இருக்கு. ஸ்கேன்ல மூச்சைப் பிடிக்கச் சொன்னா உடனே இருமுவார், எப்படிச் சமாளிச்சீங்க?